தயார்நிலைப் பணியில் இருந்த குண்டுவீச்சு விமானக் குழுவினர் விமானத்தளத்தில் எங்கே தங்கினார்கள்?

பனிப்போர்க் காலத்து அமெரிக்கத் தளங்களைப் பற்றியே கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். ஓடுபாதையின் முனைக்கு அருகே, பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு கான்கிரீட் கட்டடத்தில் தங்கினார்கள்.

அதன் அமைப்பைத் தீர்மானித்தது 15 நிமிடம் என்னும் கணக்கு. சோவியத் ஏவுகணை வருவது தெரிந்தபின் ஏறத்தாழ அவ்வளவு நேரமே மிஞ்சும் என்று கருதிய வியூக விமானக் கட்டளையகம் (அணுகுண்டு விமானங்களை இயக்கிய அமெரிக்க விமானப்படைப் பிரிவு), 1957 அக்டோபரில், விமானங்களும் குழுவினரும் உடனே புறப்படத் தயாராகத் தரையில் காத்திருக்கும் முறையைத் தொடங்கியது. அதன்பின் 70, 100, 150 பேர் தங்கக்கூடிய மூன்று அளவுகளில் இக்கட்டடங்கள் எழுந்தன. மேல்தளத்தில் உணவுக்கூடமும் பணிவிளக்க அறைகளும் இருந்தன. உறங்கும் அறைகள் சன்னலற்ற கீழ்த்தளத்தில் இருந்தன. அங்கிருந்து வெளியே ஓட, நெளிதகடு வேய்ந்த சுரங்க வழிகள் சரிவாக மேலேறின. அவற்றைப் பார்த்தே வீரர்கள் அக்கட்டடத்தை 'மோல் ஹோல்', அதாவது அகழெலிப் பொந்து என்றார்கள். விமானங்களோ மீன்முள் போலச் சாய்வாக நிறுத்தப்பட்டிருந்தன. பின்வாங்காமல், நேரே உருண்டு ஓடுபாதையை அடையலாம்.

கட்டடத்தைவிட அங்கு வாழ்ந்த விதமே எனக்கு வியப்பளிக்கிறது. பொதுவாக ஒரு முறைக்கு ஏழு நாள் தங்க வேண்டும். தளத்துக்குள் சில இடங்களுக்குப் போகலாம். ஆனால் பி-52 விமானத்தின் ஆறு பேரும் சேர்ந்தே, தங்களுக்கென ஒதுக்கிய வண்டியில் போக வேண்டும் என்பதால், ஒருவர் முடி வெட்டிக்கொள்ள மற்ற ஐவரும் காத்திருப்பார்கள். குடும்பத்தார் வந்து பார்க்கச் சில தளங்களில் தனி இடமும் இருந்தது. ஒலிப்பான் அலறினால் பேச்சை, உணவை, உறக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அது ஒத்திகையா, உண்மையா என்பது விமானத்தில் ஏறி, வானொலியில் வந்த சங்கேதச் செய்தியைப் பிரித்துப் படித்த பிறகே தெரியும். அழைப்பு வந்தால் எழ வேண்டிய இரவுப் பணியைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு காது உறங்காது.

இதே காலத்தில் பிரிட்டனின் 'வி' எனப்பட்ட அணுகுண்டு வீச்சு விமானங்களின் குழுவினருக்கு இந்த வசதிகூடத் தொடக்கத்தில் வாய்க்கவில்லை. விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய இழுவை வண்டி வீடுகளிலேயே அவர்கள் தங்கினார்கள்.

அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் காத்திருப்பு 1991 செப்டம்பர் இறுதியில், அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் ஆணைப்படி முடிவுக்கு வந்தது. கட்டடங்கள் சில அலுவலகங்களாக மாறின.