முழங்கால் வலியோடு ஹேட்ரியன் சுவரைப் பார்க்க முடியுமா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம் நானும் கணவரும் அங்கே போகிறோம். ரோமானியர் கட்டிய சுவர், ஏரிகள், நடைபாதை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒரு சனி, ஞாயிறு போய்வரலாம் என்கிறாள். கார் கிடையாது. எனக்கு 58 வயது. இடது முழங்காலில் தேய்மானம். மெதுவாக 3 கிலோமீட்டர் நடப்பேன், ஆனால் படி இறங்கினால் வலி உயிர் போகும். கணவர் நன்றாக நடப்பார். அவர்களை அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். நீங்களும் போங்கள். மூன்று பேரும் ஒரே வழியில் நடந்தாக வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சரியான இடத்தில் நீங்கள் பேருந்தை விட்டு இறங்கிக்கொண்டால், இருக்கிற சுவையில் பெரும்பகுதி உங்களுக்கும் கிடைக்கும்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், வலி எங்கே வரும் என்பது அதில்தான் இருக்கிறது. சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் இருந்த தீக்குழம்பு மேலே வெடித்து வராமல், சுண்ணாம்புக்கல், மணற்கல் அடுக்குகளுக்கு இடையே பக்கவாட்டில் புகுந்து இறுகிவிட்டது. விண் சில் என்று அதற்குப் பெயர். பின்னால் வந்த பனியாறுகள் மென்மையான கல்லைச் சுரண்டிக்கொண்டு போயின. இந்தக் கருங்கல் மட்டும் வடக்கே செங்குத்தாகவும் தெற்கே சரிவாகவும் நிமிர்ந்து நின்றது. சுரண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயின. நம் ஊர் ஏரி என்றால் கரையும் மதகும் இருக்கும், ஒரு தலைமுறை வெட்டியதாக இருக்கும். இவை யாரும் வெட்டாத ஏரிகள். அந்த ஊர்ப் பேச்சில் இவற்றுக்கு 'லாஃப்' என்று பெயர்.

கி.பி. 122-இல் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் சுவர் கட்ட வந்தவர்கள் இந்தப் பாறை முகட்டின் மேலேயே அதைக் கொண்டுபோனார்கள். மற்ற இடங்களில் சுவருக்கு வடக்கே அகழி தோண்டினார்கள். இங்கே பெரும்பாலும் தோண்டவில்லை, பாறையே அகழியின் வேலையைப் பார்த்தது. கடலிலிருந்து கடல்வரை 117 கிலோமீட்டர் நீளும் சுவரில் ஏரியும் பாறையும் சுவரும் இப்படி ஒட்டி நிற்பது நடுப்பகுதியில்தான். அதனால் நியூகாசில் ஊருக்குள் இருக்கும் துண்டுகளில் நேரத்தைச் செலவழிக்காமல் நேராக இங்கே வந்துவிடுங்கள்.

முகடு ஒரே சமமாக ஓடவில்லை. பனி உருகிய நீர் அங்கங்கே வெட்டிப் பிளந்திருக்கிறது. ஒவ்வொரு பிளவிலும் கல்படிகளில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். உங்கள் முழங்காலுக்கு ஆகாதது இந்த இறக்கம்தான்.

சனிக்கிழமை காலை நியூகாசிலில் ரயில் ஏறி ஹெக்ஸம் போங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து ஏடி 122 என்ற பேருந்து சுவரை ஒட்டி ஓடுகிறது. சுவர் தொடங்கிய ஆண்டைத்தான் பேருந்துக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள். இது கோடைக்கால வண்டி, ஆண்டுக்கு ஆண்டு நேரம் மாறும். அந்த ஆண்டின் அட்டவணையை, முக்கியமாகக் கடைசி வண்டியின் நேரத்தை, மகளை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ரோமானியர் கோட்டை இருக்கும் ஹவுஸ்டெட்ஸ் நிறுத்தத்தில் நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள். கணவரும் மகளும் அதே வண்டியில் இன்னும் கொஞ்சம் மேற்கே போய், தி சில் என்ற பார்வையாளர் மையத்தில் இறங்கட்டும். அங்கிருந்து ஸ்டீல் ரிக் என்ற இடம் வரை சாலையில் ஏறி, பிறகு சுவரோரமாகக் கிழக்கு நோக்கி உங்களிடம் நடந்து வரட்டும். சுமார் 5 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கி நடக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், முகத்தில் அறையாமல் முதுகில் படும். பீல் கிராக் என்ற பாறையின் செங்குத்துப் படிகளையும் இறங்காமல் ஏறிக் கடக்கலாம். மழை பெய்தால் அந்தக் கல்லில் இறங்குவது நல்ல முழங்காலுக்கே சிரமம். வழியில் 2023 செப்டம்பரில் வெட்டி வீழ்த்தப்பட்ட மேப்பிள் இனத்தைச் சேர்ந்த சிக்கமோர் மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது, அதில் மறுபடி துளிர் விட்டிருக்கிறது. அதைத் தாண்டியதும் கிராக் லாஃப் ஏரி. பாதை பாறை விளிம்பிலேயே போகும், ஏரி நேர் கீழே கிடக்கும். அங்கே படம் எடுக்கும்போது பின்னால் நகரக் கூடாது. நடுவில் களைத்தால், சுவருக்குச் சற்றுத் தெற்கே ரோமானியர் தம் படைகளுக்காகப் போட்ட வழி புல்மூடிக் கிடக்கிறது. அதில் ஏற்ற இறக்கம் குறைவு.

இந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. நிறுத்தத்திலிருந்து கோட்டைக்கு சுமார் 800 மீட்டர், ஏற்றம்தான், நின்று நின்று போங்கள். ஹவுஸ்டெட்ஸில் சுமார் 800 வீரர்கள் இருந்தார்கள். களஞ்சியத்தை விடாமல் பாருங்கள். தரையைத் தூக்கிப் பிடித்த குட்டைக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அடியில் காற்றோடி தானியம் ஈரம் கோத்துக் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, குதிர் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சொல்லாமலே புரியும். தென்கிழக்கு மூலையில் பொதுக் கழிப்பறை. கோட்டையிலேயே தாழ்வான இடம் அது, தொட்டிகளில் சேர்ந்த மழைநீர் தானாக ஓடி எல்லாவற்றையும் வெளியே அடித்துக்கொண்டு போகும்.

பிறகு மேற்கே தோப்பு வழியாக 37-ஆம் எண் மைல்கோட்டை (சுவரில் ரோமானிய மைலுக்கு ஒன்றாகக் கட்டிய சிறு கோட்டை) வரை நடங்கள், அரைக் கிலோமீட்டர் சொச்சம். சுவரின் மேலேயே நடக்க அனுமதி உள்ள இடம் இந்தத் தோப்பு மட்டும்தான், வேறெங்கும் ஏறாதீர்கள். மைல்கோட்டையின் வடக்கு வாசலில் வளைவின் அடிக்கற்கள் இன்னும் நிற்கின்றன. வடக்கே புரூம்லீ ஏரி தெரியும். அங்கேயே உட்காருங்கள், அவர்கள் வந்து சேர்வார்கள். போக வர எல்லாம் சேர்த்து உங்களுக்கு 3 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு கைத்தடி கட்டாயம் கொண்டுபோங்கள், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. செருப்பு வேண்டாம், கணுக்காலைப் பிடிக்கும் ஷூ போடுங்கள். ஜூன் என்றாலும் மழைச்சட்டை வேண்டும். மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், சுவரோரம் கடை கிடையாது.

ஞாயிறு விண்டோலாண்டா. அதே பேருந்து போகும். சுவர் எழுவதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கோட்டை இருந்தது. அடுத்தடுத்து கட்டியவர்கள் பழையதன் மேல் களிமண்ணைப் போட்டு மூடினார்கள். காற்றுப் புகாத அந்த ஈரமண்ணில் தோல் செருப்புகளும், மையால் எழுதிய மெல்லிய மரத்தகடுகளும் மக்காமல் கிடந்தன. 1973-இல்தான் முதல் தகடுகள் வெளிப்பட்டன. பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சில இங்கேயே காட்சிக்கு உண்டு. செப்டம்பர் 11 தன் பிறந்தநாள், அவசியம் வர வேண்டும் என்று கிளாவ்டியா செவெரா தோழி லெபிடினாவை அழைத்த கடிதம் அவற்றில் ஒன்று. எழுத்தர் எழுதிய கடிதத்தின் கடைசியில் தன் கையாலேயே சில வரிகள் சேர்த்திருக்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு தகடு, கடன் கணக்கு. கம்பாக்ஸ் என்ற ஒருவன் பெயருக்கு நேரே 'மிளகு, 2 தினாரியஸ்' என்று எழுதியிருக்கிறது. தினாரியஸ் என்பது ரோமானியரின் வெள்ளிக் காசு. அந்த மிளகுக்கு ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை. முசிறியில் பொன்னைக் கொடுத்து யவனர் கலத்தில் ஏற்றிய சரக்கு, மழையும் காற்றும் ஓயாத அந்த எல்லையில் ஒரு படைவீரனின் அடுப்புவரை போயிருக்கிறது. அருங்காட்சியகம் சரிவின் அடியில் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பி ஏறி வர அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.