கேளுங்கள் சிஸ்டரிடம்: விடியற்காலையில்தான் எமன் வருவானா?

கேள்வி: சிஸ்டர், எங்கள் தெருவில் வயசானவர்கள் எல்லாம் விடியற்காலையில்தான் போய்ச் சேருகிறார்கள். மூன்று, நான்கு மணியைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்கிறார் மாமியார். உண்மையா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பாதி உண்மை அம்மா. மீதிப் பாதி, காபி கொண்டுபோய் எழுப்புகிற நேரம். ராத்திரி பன்னிரண்டுக்கே அடங்கியிருக்கும். ஐந்தரைக்கு மருமகள் தொட்டுப் பார்க்கும்போது உடம்பு சில்லிட்டுக் கிடக்கும். ஊருக்கெல்லாம் 'விடியக்காலம் போயிட்டாரு' என்று சேதி போகும். தர்மபுரியில் என் வார்டிலும் கேஸ் ஷீட்டில் ஏறுவது டாக்டர் வந்து, கண்ணில் டார்ச் அடித்து, இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துச் சொன்ன நேரம்தான்.

உண்மையான பாதி இளைப்புக்காரர்களுடையது. மூச்சுக்குழாய் எல்லோருக்குமே நான்கு மணி வாக்கில் கொஞ்சம் சுருங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ரொம்பவே சுருங்கிவிடும். மார்கழி வந்தால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கமிருந்து ஆட்டோவில் கொண்டுவருவார்கள். படுக்க முடியாது. தலையணையைக் கட்டிக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவார்கள். வாயில் ஒரு முழு வாக்கியம் வராது. கூட வந்தவர் சொல்வார்: "பதினோரு மணியிலேருந்தே இப்படித்தாங்க, விடியட்டும்னு இருந்தோம்." எனக்கு அப்படிக் கோபம் வரும்! 108 வண்டிக்கு ராத்திரி, பகல் கிடையாது.

மாரடைப்பின் கணக்கு வேறு. 1985இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், காலை ஒன்பது மணியளவில் மாரடைப்பு தொடங்குவது இரவு பதினோரு மணியைவிட மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தூங்கி எழுந்ததும் ரத்த அழுத்தம் ஏறுகிறது, அட்ரினலின் கூடுகிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமும் கூடுகிறது. அதனால் மாமியாரின் நான்கு மணி தாண்டியதும் 'ஆபத்து போச்சு' என்று இருந்துவிட வேண்டாம். தினசரி காலண்டரில் செவ்வாய்க்கிழமை எமகண்டம் 9 முதல் 10.30 வரை. அந்த ஒரு கிழமை மட்டும் டாக்டர்களோடு ஒத்துப்போகிறது!

கேள்வி: அப்படியானால் பி.பி. மாத்திரையை ராத்திரியே போட்டுக்கொண்டால் காலை ஆபத்து குறையுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். பிரிட்டனில் இருபத்தோராயிரம் பேருக்கு மேல் வைத்து இதையே சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது: காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போடுகிற நேரம் எதுவோ அதுவே சரி. களி தின்றதும் போடுகிற பழக்கம் என்றால் அப்படியே போடுங்கள். ஒன்று மட்டும்: நீர் பிரியும் மாத்திரை அதில் சேர்ந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் ராத்திரிக்கு மாற்றாதீர்கள். நடுச்சாமத்தில் இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போய் வழுக்கி, இடுப்பெலும்பு உடைந்து வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.