பில்லுக்காகத் தந்த முகவரி

கேள்வி: மாங்கூழும் ஊறுகாயும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பில் அனுப்புவதற்காக வாடிக்கையாளர்கள் தந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு, வரும் மாம்பழப் பருவத்தில் தள்ளுபடி விளம்பரம் அனுப்பலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அனுப்பாதீர்கள். ஒருவர் எந்தக் காரியத்துக்காகத் தம் விவரத்தைத் தந்தாரோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கடைசி நாள்வரை காத்திருப்பது வியாபாரத்துக்கு அழகல்ல.

விளம்பரத்துக்குத் தனியே சம்மதம் கேளுங்கள். பில் போடும் மேசையில் ஒரு சீட்டு போதும்: ‘மாம்பழப் பருவச் சலுகைகளை மின்னஞ்சலில் பெறச் சம்மதிக்கிறேன்’ என்ற வரியும், அதன் பக்கத்தில் ஒரு காலிக் கட்டமும். அந்தக் கட்டத்தில் வாடிக்கையாளரே டிக் செய்ய வேண்டும். நீங்கள் முன்கூட்டியே டிக் போட்டு வைத்தால் அது சம்மதமாகாது. சம்மதித்தால்தான் பில் வரும் என்று நிபந்தனை விதிப்பதும் செல்லாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் சட்டம் தருகிறது. நம் ஊர்க் கடையில் அது தமிழில் இல்லாமல் வேறெதில் இருக்கும்?

சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டுமாதலால், ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் ‘இனி வேண்டாம்’ என்ற இணைப்பைக் கொடுங்கள். சம்மதம் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது; சீட்டுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பழைய வாடிக்கையாளர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போது நேரில் கேட்டுக்கொள்ளலாம்.