எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இறங்குகிறது என்பதைப் பாருங்கள்: பாத அழுத்தம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் எடை 90 கிலோ. நிற்கும்போது ஒரு பாதத்துக்கு 45 கிலோ என்று வைத்துக்கொள்ளலாமா?

நேராக நின்றால் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அந்த 45 கிலோ பாதம் முழுக்கச் சமமாகப் பரவாது. வெறுங்காலில் நிற்கும்போது பாதிக்கு மேல் குதிகாலில்தான் இறங்கும். மீதியில் பெரும்பங்கு விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போகும். விரல்கள் தாங்குவது கொஞ்சம்தான்.

நடக்க ஆரம்பித்தால் கணக்கே வேறு. ஒரு காலைத் தூக்கியதும் மொத்த உடம்பும் மற்ற காலில். ஊன்றும் வேகமும் சேர்வதால், சாதாரண நடையிலேயே தரை வாங்கும் விசை உடல் எடையைவிடச் சற்றுக் கூடும். ஓடினால் இரண்டு, மூன்று மடங்கு. உங்களுக்கு 180 கிலோவுக்கு மேல்!

கேள்வி: எடை கூடினால் பாதமும்தான் அகலமாகிறது. அப்போது அழுத்தம் பழையபடியே இருக்க வேண்டாமா?

நியாயமான சந்தேகம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். தரையைத் தொடும் பரப்பு கூடுவது உண்மை, ஆனால் எடைக்கு ஈடாகக் கூடுவதில்லை. அளந்து பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் நடுப்பாதம். வளைவு தாழ்ந்து, இதுவரை தரையைத் தொடாத இடமும் பாரம் தாங்க வேண்டியதாகிறது.

ஈரக்காலோடு தரையில் நடந்து தடத்தைப் பாருங்கள். நடுவில் குறுகாமல் பட்டையாக விழுந்தால் வளைவு தாழ்ந்திருக்கலாம். பிறவியிலேயே தட்டைப் பாதம் உள்ளவர்களும் உண்டு. வலி இல்லையென்றால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: அக்கா, காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஊசி குத்துகிறது. எடைதான் காரணமா?

எடையும் ஒரு காரணம். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. இரவு முழுக்க இறுகிக் கிடக்கும் அதைக் காலையில் திடீரென்று இழுக்கிறீர்கள், அதுதான் குத்தல். ஒல்லியான ஓட்டக்காரர்களுக்கும், நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கும் இது வரும். படுக்கையிலிருந்து இறங்கும் முன், ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கேள்வி: தொப்பை விழுந்த பிறகு பேலன்ஸ் குறைந்த மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை. அசையாமல் நிற்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோமே தவிர, யாருமே அப்படி நிற்பதில்லை. உடலின் ஈர்ப்பு மையம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுவதால், முன்னால் சாயாதபடி கெண்டைக்கால் தசைகள் ஓயாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தொப்பை அந்த மையத்தை இன்னும் முன்னால் தள்ளுகிறது. விரல் நுனிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைய, தசைக்கு வேலை கூடுகிறது. கனமான உடம்பு ஒருமுறை சாயத் தொடங்கினால் அதை நிறுத்தவும் அதிக பலம் வேண்டும். கர்ப்பிணிகள் முதுகைப் பின்னால் வளைத்து நடப்பதும் இதே கணக்கைச் சரிசெய்யத்தான்.

எடை குறைந்தால் தள்ளாட்டமும் குறையும். ஆனால் பட்டினி கிடந்து தசையையும் சேர்த்துக் கரைத்துவிட்டால் என்ன லாபம்? சுவரருகே நின்று ஒற்றைக்காலில் நிற்கப் பழகுங்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

கேள்வி: மெத்தென்ற செருப்பு வாங்கினால் போதுமா?

அழுத்தம் குறையும், சரி. ஆனால் ரொம்ப மெத்தென்றிருந்தால் கால் தரையை உணராது, தடுமாற்றம் கூடும். வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அடிப்பாகம் கொஞ்சம் உறுதியாக, குதிகாலைப் பிடித்துக்கொள்வதாக இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, எடையும் அதிகம். கால் வலி என்று அவர் சொன்னதே இல்லை. நல்லதுதானே?

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தொழுநோயால் உணர்வு இழந்த கால்களை ஆராய்ந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டது இது: புண் வருவதற்குப் பெரிய அடி தேவையில்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சாதாரண அழுத்தமே போதும். உணர்வு இருந்தால் நாம் தானாகவே காலை மாற்றி வைப்போம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர் அதே இடத்தில் ஊன்றிக்கொண்டே இருப்பார்.

மருத்துவரிடம் கூட்டிப்போய் 10 கிராம் நைலான் இழைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். உள்ளங்காலில் ஒரு மெல்லிய இழையை அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள், நிமிடங்களில் முடிந்துவிடும். வீட்டில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். தினமும் உள்ளங்காலைப் பார்க்கட்டும், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வையுங்கள். காய்ப்பு, சிவப்பு, வெடிப்பு எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். காய்ப்பை பிளேடால் சீவ விடாதீர்கள்.