ஆப்பிரிக்காவில் புகைமருந்து அடித்து மலேரியாக் கொசுவை ஒழிக்க முடியாதா? அங்கே சுத்தம் இல்லாததுதான் காரணமா?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் அநேகமாக நகரத்தில் இருப்பீர்கள். தெருவில் புகை அடித்துவிட்டுப் போன அன்றைக்கு ராத்திரி கொசு குறைந்த மாதிரி இருக்கும், அதை வைத்துக் கேட்கிறீர்கள். தப்பில்லை, நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஆனால் அந்த 'சுத்தம்' என்ற வார்த்தையை மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்கள் வாயில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஃபேக்டரியில், தரம் பார்த்துக்கொண்டிருந்தவன். தான்சானியாவின் தென்கோடியில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி ம்ட்வாரா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு வியாபாரிக்காகத் தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வாங்க மூன்று சீசன் போனேன். மலேரியா இரண்டு தடவை வந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் சுத்தம். நம் வீட்டுச் சாக்கடையில் பெருகுவது கியூலக்ஸ் என்கிற வேறு வகைக் கொசு. மலேரியா பரப்புகிற அனாபிலஸுக்குச் சாக்கடை ஆகாது. மழை பெய்ததும் மாட்டுக் குளம்படியில் நிற்கிற தண்ணீர், செங்கலுக்கு மண் வெட்டிய குழி, நெல்வயல், இப்படி வெயில் படுகிற தெளிந்த தண்ணீராகப் பார்த்து முட்டையிடும். எங்கள் குடோன் வாசலில் லாரி திரும்புகிற இடம் முழுக்க டயர் பள்ளம். ஆக அந்த வட்டாரத்தில் கொசு வளர்த்ததில் எங்கள் சரக்கு லாரிக்கும் பங்கு உண்டு! ஒரு மழைக்கு எத்தனை பள்ளம், எத்தனை குளம்படி, யார் தேடிப் போய் மருந்து ஊற்றுவது? 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸே, இரண்டு வருஷம் கழித்து சியரா லியோனுக்குப் போய்க் குட்டை குட்டையாகத் தேடினார். தேங்குகிற இடங்கள் கொஞ்சமாக, இடம் மாறாமல், கண்டுபிடிக்கக் கூடியதாக இருந்தால் மட்டும் அந்த வழி பலிக்கும். தான்சானியாவில் கிபாஹா என்ற ஊரில் கியூபா தொழில்நுட்பத்தில் கொசுப் புழுவைக் கொல்லும் மருந்து தயாரிக்க ஒரு ஃபேக்டரியே இருக்கிறது. வேண்டாத வேலை என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்ப முடியாது என்கிறேன்.

இனி என் கதை. எங்கள் குவார்ட்டர்ஸில் சமைத்துத் தந்த அம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும், சுவாஹிலியில் அம்மா என்று அர்த்தம். எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது. கட்டிலுக்கு மேலே நீலக் கொசுவலை தொங்கியது. காற்று வராது, கரண்ட் போனால் வேகும் என்று நான் அதைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுபோன கொசுவத்திச் சுருள் போதும் என்று எண்ணம். போதாக்குறைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருந்தேன், அது மலேரியாவுக்கும் கேட்கும் என்று நம்பினேன். (சிரிக்காதீர்கள். ஏஜென்ட் அப்படித்தான் சொன்னான்.) மாமா தினமும் "போஸி, சந்தாருவா" (பாஸ், கொசுவலை) என்று வலையை இறக்கிவிடுவார். நான் தினமும் சுருட்டுவேன். அவர் வீட்டில் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வலை கொண்டுவந்திருந்தது. அந்தத் தெற்குப் பகுதியில் 2013 முதல் பள்ளிக்கூடம் வழியாகக் கொடுக்கிறார்கள். ஆறாவது வாரம் எனக்கு நடுக்கம். அந்த வெக்கையில் கம்பளி கேட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் வலையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கிளினிக்கில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் இரண்டு கோடு, மலேரியாதான். மூன்று நாளைக்கு 24 மாத்திரை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. அந்த மாத்திரையை அங்கே 'ம்செட்டோ' என்பார்கள். ரத்தம் எடுத்த பையனிடம்தான் உங்கள் கேள்வியை நான் கேட்டேன், தெருத்தெருவாகப் புகை அடித்தால் என்ன என்று. இந்தக் கொசு நடுராத்திரி வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டு, வயிறு கனத்துச் சுவரில் உட்காரும், தெருப் புகை அதை என்ன செய்யும் என்றான். அதனால்தான் சுவரில் மருந்து தெளிப்பது. பிறகு ஒரு கணக்குச் சொன்னான். நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்குப் பரப்பாது. கிருமி அதன் வயிற்றில் வளர்ந்து எச்சிலுக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் முட்டைக்காக இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ரத்தம் தேடி நாலைந்து தடவை வீடு ஏறியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற்றிய வலையில் கால் வைக்க நேர்ந்தால்? ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். கொசுவை ஒழிக்க வேண்டாம், அதைக் கிழடு தட்ட விடாமல் இருந்தால் போதும். வலையைச் சுருட்டி வைத்த நான், எனக்கு மட்டுமல்ல, மாமாவின் பேரப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு கிழட்டுக் கொசுவை வளர்த்துவிட்டிருக்கிறேன்.

"கொசுவலையை வைத்து மீன் பிடிக்கிறார்களாமே" என்று யாராவது வருவீர்கள். சில ஏரிக்கரைகளில் பிடிக்கிறார்கள்தான். ஆனால் 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல் 66 கோடிக்கு மேல், அதில் மூன்றில் இரண்டு பங்கு வலையால் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இன்னும் முடியவில்லை என்பதும் நிஜம். 2023-ல் உலகம் முழுக்க மலேரியாவில் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மருந்துக்குக் கொசு பழகிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் சுவரில் தெளித்துவந்த டிடிடி என்ற பூச்சிமருந்தை 1996-ல் நிறுத்தி, பைரெத்ராய்டு என்ற வேறு வகை மருந்துக்கு மாறினார்கள். அதற்கு அசையாத ஃபுனஸ்டஸ் என்ற மலேரியாக் கொசு திரும்பி வந்து, 2000-ல் 60,000 பேருக்கு மேல் படுத்தார்கள். மறுபடியும் டிடிடி. வலையிலும் இப்போது இரண்டு மருந்து கலக்கிறார்கள். தான்சானியாவின் முலேபா, மிசுங்வி மாவட்டங்களில் சோதித்துப் பார்த்த வலைகள் அவை.

இரண்டாவது தடவை ஊரில் வந்தது. லீவில் வந்து ஒன்பதாம் நாள் காய்ச்சல். "மக்களே, கண்ணு மஞ்சளா இருக்கே" என்று அம்மா பயந்தாள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன், மலேரியாவாக இருக்கும் என்று நானே டாக்டரிடம் சொன்னேன். "கூகிள் பாத்தியளோ?" என்று கேட்டார். டைபாய்டு என்று மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். பிளேட்லெட் இறங்கிய பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அங்கேதான் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார்கள். ம்ட்வாராவில் கால் மணி நேரம், இங்கே நாலு நாள். யார் பின்தங்கியவர்கள் என்று சொந்தக்காரர்களிடம் கேட்டேன், பதில் இல்லை.

   

சுத்தத்துக்கே திரும்புகிறேன். ஆசியாவிலிருந்து ஒரு கொசு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. பேர் ஸ்டெஃபென்சி, அதுவும் அனாபிலஸ் வகைதான். சென்னையில் மலேரியா பரப்புவது அதுதான். மூடாத கிணறும் மாடித் தண்ணீர்த் தொட்டியும் அதன் வீடு, அதாவது நாம் குடிக்கிற நல்ல தண்ணீர். 2012-ல் ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்துச் சின்ன நாடான ஜிபூட்டியில் முதலில் தென்பட்டது. அந்த வருஷம் அங்கே மலேரியா 27 பேருக்கு, 2020-ல் 73,000 பேருக்கு மேல். இப்போது எத்தியோப்பியா, கென்யா, நைஜீரியா வரை போய்விட்டது. யார் வீட்டு அழுக்கு யாரிடம் போனது என்று நீங்களே பாருங்கள்.

வேப்பெண்ணெய் விளக்கு ஏற்றினால் போதும் என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: தாராளமாக ஏற்றுங்கள். படுக்கப் போகும்போது அணைத்துவிட்டு, வலைக்குள் போய், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.