மகளும் கைப்பேசியும் – கடிதம்

அக்கா, வணக்கம்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகளுக்கு 15 வயது, படிவம் மூன்று. எனக்குத் தொழிற்சாலையில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை. அவள் அப்பா லோரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். பிள்ளை எந்நேரமும் டிக்டாக், இன்ஸ்டாகிராம்தான். நடுராத்திரியில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறாள். போன மாதம் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது ஒரு வியாதியா? 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை வருகிறது என்கிறார்களே, அதுவரை பொறுத்துக்கொள்வதா? நாம் தோட்டத்தில் வளர்ந்தபோது இப்படியெல்லாம் இல்லையே அக்கா?

– ஓர் அம்மா

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் எனக்கு வந்த நேரம் இரவு 1.40. விடிவதற்குள் எழுந்து சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டிய நீங்களும் தூங்காமல் அந்தப் போர்வை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்கள். அதை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வியாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செசிலி ஆண்ட்ரியாசென் என்பவரும் உடனிருந்தவர்களும் 2012இல் முகநூல் பழக்கத்தை அளக்க ஆறு கேள்விகள் தயாரித்தார்கள். பிறகு அதையே எல்லாச் சமூக ஊடகத்துக்கும் பொதுவாக மாற்றினார்கள். எப்போதும் அதே நினைப்பாக இருக்கிறதா, இன்னும் இன்னும் வேண்டும் என்று தோன்றுகிறதா, கவலையை மறக்க அதைத் திறக்கிறாயா, குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா, கிடைக்காவிட்டால் தவிப்பாக இருக்கிறதா, படிப்போ வேலையோ கெட்டதா? இவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி இதில் இல்லை, கவனித்தீர்களா? நாம் வீட்டில் கத்துவதெல்லாம் மணிக்கணக்கை வைத்துத்தான். உங்கள் மகள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது மூன்றாவது கேள்வி. எதை மறக்க அவள் அதைத் திறக்கிறாள்?

என் தங்கை மகள் கதையைச் சொல்கிறேன். அவளுக்கும் கிட்டத்தட்ட இதே வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வரும் முன்தான் ஒரு படம் போட்டிருந்தாள். சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, அப்பளமும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளை வலது கையை இலையில் வைக்கவே இல்லை. இடது கட்டைவிரலால் திரையைக் கீழே இழுப்பாள், பார்ப்பாள், மறுபடி இழுப்பாள். பாயசம் வந்தபோது அந்தப் படத்தை அழித்துவிட்டாள். பத்தொன்பது லைக்தான் வந்ததாம். "பெரியம்மா, நான் ரொம்பக் கறுப்பா?" என்று கேட்டாள். படத்தில் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போட்டும் பத்தொன்பது. அது இல்லாமல் போட அவளுக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு நான், "பைத்தியம், சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அவள் என்னை நம்பிக் கேட்ட கேள்வி அது.

இது அவளுடைய மனப்பிரமை மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு, தன் உடம்பைப் பற்றிய வேதனையை இன்ஸ்டாகிராம் கூட்டுகிறது என்று அந்த நிறுவனத்துக்குள் இருந்தவர்களே எழுதி வைத்திருந்தார்கள். 2021இல் பிரான்சஸ் ஹாகன் என்ற ஊழியர் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் அந்தத் திரையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து, கையை எடுக்க விடாதபடி செய்த பொருள் இது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று திட்டுவது நியாயமே இல்லை, தங்கச்சி.

சரி, தோட்டத்தில் இப்படி இல்லையே என்றீர்களே, அதற்கு வருகிறேன். நானும் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள்தான். நம் அம்மாக்கள் இருட்டோடு எழுந்து வெட்டுக்காட்டுக்குப் போனார்கள். ஆனால் ரப்பர் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். நாம் பள்ளி விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருந்தார். பசியோ கோபமோ, கொட்ட ஓர் ஆள் இருந்தார். அம்மா இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டு அத்தை இருந்தார். சாயங்காலம் திடல், குழாயடி, கோயில். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகி நாமெல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் பிளாட்டுக்கும் வந்தோம். அம்மாக்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். உங்கள் மகள் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து கிரில் கதவைப் பூட்டிக்கொண்டால் நீங்கள் வர எட்டு மணி. ஐந்தரை மணி நேரம் அந்த வீட்டில் அவளிடம் பேசுவது போன் ஒன்றுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் வேலைக்குப் போகாமல் அந்த வீடு ஓடாது என்பது எனக்குத் தெரியும்.

அதனால் அலமாரிப் பூட்டு வேண்டாம். பகலில் பிடுங்கினால், இருக்கும் ஒரே துணையையும் பிடுங்கியதாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். இரவை மட்டும் மாற்றுங்கள். பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும், முக்கியமாக உங்களுடையதும், முன்ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். அலாரம் வேண்டும் என்பாள். கடைத்தெருவில் ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் சண்டை வரும், தாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் திரும்பினாலே காலை எரிச்சலில் பாதி குறையும்.

அப்புறம், உங்களுக்கு லீவு உள்ள நாளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பார்ப்பதை எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் போதும். ஆட்டமோ, மேக்கப்போ, எது வந்தாலும் வாயைத் திறந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த ஐந்தரை மணி நேரத்தில் வாரம் இரண்டு நாளாவது அவளுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். கோயில் தேவார வகுப்போ, பள்ளிப் பூப்பந்தோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோ, எதுவானாலும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

தடைச் சட்டத்தைப் பற்றி: 16 வயதுக்குக் கீழே கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. நம் அரசாங்கமும் அதே வழியில் போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் உங்கள் மகளுக்கு எப்படியும் 16 ஆகிவிடும். சட்டத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொடர்ந்து சாப்பாடு இறங்காமல் இருந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலோ, பள்ளிக் கவுன்சலர் ஆசிரியரையும் அரசாங்க கிளினிக்கையும் உடனே பாருங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. மனசு விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். பெயர் கெட்டுப்போகும் என்று தயங்க வேண்டாம். 2022 தேசிய ஆய்வில் நம் நாட்டுப் பதின்ம வயதினரில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தது. உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை இது.

அவளுக்குச் சம்மதம் என்றால் இந்தப் பதிலை அவளையே படிக்கச் சொல்லுங்கள். நான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவள் எனக்கு எழுதட்டும். அவளுக்கும் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா