கோவையில் 790, ஸ்கார்பரோவில் ஒன்றுமில்லையா?

கேள்வி: நிரந்தர வதிவிட உரிமையுடன் கோவையிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. நல்ல வேலை இருக்கிறது. ஊரில் வீட்டுக்கடனை ஒரு தவணையும் தவறாமல் அடைத்தவன். கடனை ஒழுங்காக அடைத்ததைக் காட்டும் இந்தியாவின் சிபில் மதிப்பெண் 790. கார் கடன் கேட்டபோது வங்கி அலுவலர் என் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். கார் விற்பவரோ 20,000 டாலரை 24 சதவீத வட்டிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். வந்தேறிகள் என்பதால் ஒதுக்குகிறார்களா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: சிபிலைப் போலவே கனடாவின் கடன் மதிப்பெண்ணும் 300 முதல் 900 வரைதான். சிபிலை நடத்தும் டிரான்ஸ்யூனியன் குழுமமே கனடாவிலும் கடன் பதிவேடு வைத்திருக்கிறது. ஆயினும் இந்தியப் பதிவு தானாக அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆகவே, மறுப்புக்கு வெற்றுப் பதிவேடு மட்டுமே காரணமெனில் அதைப் பாகுபாடு என்று நிறுவுவது கடினம். பிறந்த நாட்டைக் காட்டி மறுத்திருந்தால்தான் கனடிய மனித உரிமைச் சட்டம் குறுக்கே வரும். கோப்பைப் பிரிக்காமலே தள்ளியது மரியாதைக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதுகுறித்து அந்த வங்கியிலேயே எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். 56 நாட்களுக்குள் தீராவிட்டால், வங்கிச் சேவைகளுக்கான வெளிக் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகலாம். ஆனால், புகாரால் கடன் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கோபத்தில் 24 சதவீதக் கடனில் மட்டும் கையெழுத்திட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரி முதல் கனடாவில் ஆண்டுக்கு 35 சதவீதத்தைத் தாண்டிய வட்டியே குற்றம் என்பதால் அவர் கேட்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் ஐந்தாண்டுத் தவணையில் வட்டி மட்டும் ஏறத்தாழ 14,500 டாலர் ஆகும். அதே தொகைக்கு 8 சதவீதமென்றால் சுமார் 4,300 டாலர்.

பெரிய வங்கிகள் சிலவற்றில், புதிதாகக் குடியேறியவர்களுக்கென்றே கார் கடன் திட்டம் உண்டு. வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வதிவிட அட்டை ஆகியவற்றுடன் சென்று, முன்பணத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லி, அந்தத் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே கேளுங்கள். கண்ட இடத்திலெல்லாம் விண்ணப்பிக்க வேண்டாம். கடன் கொடுப்பவர் உங்கள் பதிவேட்டைப் பார்க்கும் ஒவ்வொரு விசாரணையும் அதில் ஏறும். இதற்கிடையில், கடன் வரலாறு உருவாவதற்காக, வைப்புத்தொகை கட்டி வாங்கும் கிரெடிட் கார்டு ஒன்றை எடுத்து, வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவழித்து, கெடுவுக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவாருங்கள். கார் உடனே வேண்டுமென்றால், விலை குறைந்த வண்டியாகப் பார்த்து, அபராதமின்றி முன்கூட்டியே அடைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.